பாண்டா முகம் கொண்ட ஃபெரெட் குட்டி வேண்டும் என்று கேட்ட தங்கைக்கு

சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வரும் செப்டம்பரில் கணவரோடு இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குக் குடிபோகிறாராம். "அக்கா, அங்கே போனதும் ஒரு ஜோடி ஃபெரெட் வாங்கிக் குட்டி எடுக்க ஆசை. சாக்லேட், சில்வர், பாண்டா என்று எல்லா நிறமும் வேண்டும், பாண்டா கட்டாயம் வேண்டும். எதை எதோடு சேர்த்தால் எந்த நிறம் வரும்? பிறகு ஒன்றை இங்கே அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து விடலாமா?"

ஃபெரெட் என்பது நீண்ட உடம்பும் குட்டைக் காலும் கொண்ட, இறைச்சி தின்னும் சிறு வளர்ப்பு விலங்கு. நான் வட இங்கிலாந்தில் ஒன்பது ஆண்டுகள் விலங்கு மருந்தகத்தில் தாதியாக இருந்தவள். முயல் வேட்டைக்கு ஃபெரெட் வைத்திருக்கும் பெரியவர்கள், செல்லமாக வளர்க்கும் பிள்ளைகள், காட்சிக்குக் கொண்டுபோகிறவர்கள் என எல்லாரும் அங்கே வருவார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இங்கே கொண்டுவர முடியாது. சிங்கப்பூரில் செல்லப்பிராணியாக வைத்துக்கொள்ள அனுமதி உள்ள சிறு விலங்குகள் முயல், வெள்ளெலி, ஜெர்பில், கினிப்பன்றி, சின்சில்லா, சுண்டெலி. தேசியப் பூங்காக் கழகத்தின் அந்தப் பட்டியலில் ஃபெரெட் இல்லை. வீவக எனும் அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனைக்கே 2024 செப்டம்பர் 1 முதல்தான் அனுமதி வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். சட்டத்தை விடுங்கள், நம் ஊர் வெயிலே அதற்கு ஆகாது. ஃபெரெட்டுக்கு வியர்த்து உடம்பைக் குளிர்விக்கும் வசதி கிடையாது. 30 பாகையைத் தாண்டினால் மூச்சு வாங்கி, சுருண்டு விழும். நமக்கு அது சாதாரண மதிய வேளை. அம்மா வேலைக்குப் போகும்போது குளிர்சாதனத்தை அணைத்துவிட்டுப் போனால் அன்றோடு கதை முடிந்தது.

ஃபெரெட்டைப் படத்தில் பார்க்கிற நம் ஆட்கள் உடனே "கீரிதானே" என்பார்கள். கீரி வேறு குடும்பம், பூனை வழியில் வருவது. ஃபெரெட்டின் பங்காளிகளைப் பார்க்க வேண்டுமானால் காலை ஏழு மணிக்கு பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்குப் போய் நில்லுங்கள். காலாங் ஆற்றில் குடும்பமாக நீந்தி வரும் நீர்நாய்கள்தான் அவை. அதே நீண்ட உடம்பு, அதே குட்டைக் கால், முதுகை வில்லாக வளைத்து ஓடும் அதே ஓட்டம். ஐரோப்பாவின் போல்கேட் என்ற காட்டு விலங்கை 2,000 ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் வீட்டில் வளர்த்து வளர்த்து உண்டானது ஃபெரெட். முயல் வளைக்குள் விட்டால் முயலை வெளியே துரத்திவிடும் என்பதற்காக வளர்த்தார்கள். லத்தீனில் திருடனைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் அதன் பெயர் வந்தது. நீங்கள் வளர்க்கத் தொடங்கினால் காலுறைகள் எங்கே போகின்றன என்று தெரிந்துகொள்வீர்கள்.

இனி நிறம். காட்டு போல்கேட்டின் நிறம்தான் அடிப்படை. உடம்பைக் கையால் கோதிப் பிரித்துப் பாருங்கள், இரண்டு அடுக்கு மயிர் இருக்கும். அடியில் வெண்ணெய் நிறத்தில் குட்டையான மென்மயிர், அதன் மேலே நீண்ட கருமையான மேல்மயிர். கண்ணைச் சுற்றி முகமூடி போட்டதுபோல் கருப்புப் பட்டை. இதை இங்கிலாந்துக்காரர்கள் 'போல்கேட்' நிறம் என்பார்கள். அமெரிக்கர்கள் ஏறக்குறைய இதையே 'சேபிள்' என்பார்கள். இணையத்தில் அமெரிக்கப் பெயர்களைப் படித்துவிட்டு லீட்ஸ் இருக்கும் யார்க்‌ஷயரில் போய்க் கேட்டால் விற்பவருக்குப் புரியாமல் போகலாம். சாக்லேட், சின்னமன், ஷாம்பெய்ன் என்பவையெல்லாம் இந்த மேல்மயிரின் நிறம் படிப்படியாக வெளிறிய வகைகள். ஷாம்பெய்னில் மேல்மயிர் வெளிர்பழுப்பாகவும் மூக்கு இளஞ்சிவப்பாகவும் இருக்கும். அங்கே அதற்குப் பழைய பெயர் 'சேண்டி'. சில்வர் என்பது கருமையும் வெண்மையும் கலந்து நரைத்தாற்போல் இருப்பது.

மாட்டுக்கு நம்மிடம் காரி, மயிலை, செவலை என்று பெயர்கள் இருக்கின்றன. காங்கேயம் கன்று சிவப்பாகப் பிறந்து ஆறு மாதத்தில் சாம்பல் நிற மயிலையாக மாறுவது மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். ஃபெரெட்டும் அப்படித்தான். எல்லாக் குட்டியும் பிறக்கும்போது வெள்ளைப் பூனைமயிரோடுதான் பிறக்கும். கருநிறக் குட்டி சில நாளில் சாம்பலாகத் தொடங்கும். மூன்று வாரத்தில்தான் ஓரளவு தெரியும். முகமூடி முழுதாக விழ இன்னும் நாளாகும். அதன் பிறகும் நிறம் நிலையில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை மயிர் உதிர்ந்து முளைக்கும். கோடை மயிர் மெல்லியது, குளிர்கால மயிர் அடர்ந்து பஞ்சுபோல் நிற்கும். அடிமயிர் அதிகமாவதால் அதே ஃபெரெட் டிசம்பரில் வேறு நிறமாகத் தெரியும். சில்வர் குட்டிகள் பல, ஆண்டுக்கு ஆண்டு வெளுத்துக்கொண்டே போய்க் கடைசியில் வெள்ளையாகவே ஆகிவிடும். காயடிக்காமல் வைத்திருக்கும் ஆணுக்கு, இனச்சேர்க்கைக் காலத்தில் தோல் எண்ணெய் சுரந்து மயிரெல்லாம் மஞ்சள் படியும். வெள்ளை ஆண் ஒன்றை அந்த நேரத்தில் பார்த்தால் மஞ்சளில் தோய்த்து எடுத்ததுபோல் இருக்கும். நிறத்துக்காகக் கூடுதல் பணம் கொடுத்துக் குட்டி வாங்குகிறவர்களிடம் இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

எதோடு எதைச் சேர்த்தால் எது வரும் என்ற கேள்விக்குத் துல்லியமாகப் பதில் சொல்லக்கூடியது அல்பினோ ஒன்றுக்குத்தான். சிவந்த கண், முழு வெள்ளை. நிறமி செய்வதற்கான டைரோசினேஸ் என்ற நொதியின் மரபணு பழுதாகிப்போன நிலை அது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால்தான் குட்டி வெள்ளையாகும். இரண்டு அல்பினோவைச் சேர்த்தால் எல்லாக் குட்டியும் அல்பினோ. பார்க்கப் போல்கேட் நிறத்தில் இருந்தாலும் பழுதான பிரதி ஒன்றை உள்ளே சுமக்கும் ஜோடியைச் சேர்த்தால், சராசரியாக நாலுக்கு ஒன்று வெள்ளையாக வரும். எட்டுக் குட்டியில் இரண்டு என்று கணக்குப் போட்டு உட்காராதீர்கள், ஒன்றுகூட வராமலும் போகலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். அல்பினோ ஒரு போர்வை. உள்ளே வேறு என்ன நிறத்துக்கான மரபணுக்கள் இருந்தாலும் வெளியே தெரியாது. இரண்டு தலைமுறை முன்பு அந்தக் குடும்பத்தில் என்ன இருந்தது என்று கேட்காமல் அல்பினோவை வாங்கிச் சேர்த்தால், நீங்கள் எதிர்பாராதது குட்டியில் வெளிவரும்.

அல்பினோவின் கண் பார்வையிலும் குறை உண்டு. விழியிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இழைகள் இடம் மாறிப் போய்ச் சேர்கின்றன. ஆனால் காது நன்றாகவே கேட்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு பாண்டாவுக்கு வாருங்கள்.

பாண்டா என்றால் தலை முழுக்க வெள்ளை, கழுத்தும் வெள்ளை, நான்கு பாதத்திலும் வெள்ளை உறை, உடம்பு மட்டும் கருமை. அதன் தம்பி 'பிளேஸ்'. நெற்றியிலிருந்து பிடரி வரை நாமம் இழுத்தாற்போல் ஒரு வெள்ளைக் கோடு. இரண்டுமே கண்ணைப் பறிக்கும் அழகு, மறுக்கவே மாட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு பாண்டாக் குட்டியைத் தடுப்பூசிக்குக் கொண்டுவந்தார்கள். பத்து வாரம். மேசைமேல் விழித்துக்கொண்டு, துண்டின் ஓரத்தை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் நான் எஃகுத் தட்டு ஒன்றைத் தவறுதலாகத் தரையில் போட்டுவிட்டேன். கூடத்தில் இருந்த நாய்கள் எல்லாம் குரைத்தன. குட்டி திரும்பவே இல்லை. காதுமடல்கூட அசையவில்லை. பிறகு மருத்துவர் மேசையை விரலால் மெதுவாகத் தட்டினார். உடனே துள்ளித் திரும்பியது. பலகையின் அதிர்வு பாதத்தில் தெரிந்திருக்கிறது. வீட்டுக்காரப் பெண் அதுவரை "இவன் பிடிவாதக்காரன், கூப்பிட்டால் வரமாட்டான்" என்றே நினைத்திருந்தார்.

ஏன் இப்படி? கரு வளரும்போது நிறமி அணுக்கள் முதுகுத்தண்டு உருவாகும் இடத்தில் பிறந்து, அங்கிருந்து உடம்பு முழுக்க நடந்து போகின்றன. சில தோலுக்கு, சில உள்காதுக்கு. உள்காதில் அவற்றின் வேலை நிறம் கொடுப்பது இல்லை. அங்குள்ள திரவத்தின் உப்புச் சமநிலையைக் காப்பது. பாண்டாவிலும் பிளேஸிலும் அந்த அணுக்கள் தலைப்பகுதிக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. அவை சேராத இடம் வெள்ளையாகிறது. அதே காரணத்தால் உள்காதும் வெறுமையாகி, ஒலியை உணரும் அணுக்கள் செத்துப்போகின்றன. அல்பினோவில் நிறமி அணுக்கள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன, நிறம் செய்யத்தான் தெரிவதில்லை. அதனால்தான் அதற்குக் காது கேட்கிறது. நீலக்கண் வெள்ளைப் பூனைகளிலும் டால்மேஷன் நாய்களிலும் காது கேளாமை அதிகம் இருப்பதற்கும் இதுவே காரணம். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 152 வளர்ப்பு ஃபெரெட்டுகளின் செவிநரம்பைக் கருவி வைத்துச் சோதித்தார்கள். 44 ஃபெரெட்டுகளுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. அதில் இருந்த பாண்டா, பிளேஸ் அத்தனையும் செவிடு.

ஆகவே பாண்டா கட்டாயம் வேண்டும் என்று நீங்கள் சொல்லும்போது, காது கேளாத குட்டி கட்டாயம் வேண்டும் என்றுதான் எனக்குக் கேட்கிறது. ஏற்கெனவே பிறந்துவிட்ட பாண்டாவை எடுத்து வளர்ப்பது வேறு விஷயம், அதைத் தாராளமாகச் செய்யுங்கள். செவிட்டு ஃபெரெட் அன்பாகத்தான் வளரும். தரையைத் தட்டிக் கூப்பிடலாம், தூங்கும்போது திடீரென்று தூக்காமல் மூக்கருகே கையைக் காட்டி எழுப்பலாம். ஆனால் அழகுக்காக அந்தக் குறையைத் தெரிந்தே உண்டாக்குவது எனக்கு ஒப்பவில்லை. நீளமயிர் அங்கோராவும் என் கணக்கில் இதே வரிசைதான். அந்த வகைப் பெண்களுக்குப் பால் சரியாகச் சுரக்காமல் குட்டிகள் வாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கருவுக்கு வெளியேயும் ஓர் ஆபத்து இருக்கிறது. நிறத்தைப் பற்றிப் பேசுகிற பலர் இதைச் சொல்வதே இல்லை.

ஃபெரெட் பகலின் நீளத்தைப் பார்த்துப் பருவத்துக்கு வரும் விலங்கு. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது, கூடினாலும் குறைந்தாலும் சுமார் 10 நிமிடம்தான். லீட்ஸில் டிசம்பர் பகல் ஏழரை மணி நேரம், ஜூன் பகல் 17 மணி நேரம். அந்த வளர்ச்சி உடம்புக்குள் மணியடித்தாற்போல் வேலை செய்யும். மார்ச் மாதம் பெண்ணின் பிறப்புறுப்பு பளிச்சென்று வீங்கும். நாய், பூனை பார்த்துப் பழகியவர்கள் ஏதோ கட்டி என்று பயந்து ஓடிவருவார்கள். பயப்பட வேண்டியது அதற்குப் பிறகு. ஆணோடு சேர்ந்தால்தான் பெண்ணுக்கு முட்டை வெளிப்படும். சேராவிட்டால் பருவம் தானாக முடியாது, மாதக்கணக்கில் நீடிக்கும். அத்தனை நாளும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருந்து எலும்பு மஜ்ஜையை அமுக்கும். ரத்த அணுக்கள் உற்பத்தி நின்றுபோகும்.

ஒரு ஜூலை மாதம், எழுபது வயதிருக்கும் பெரியவர் ஒருவர் அட்டைப்பெட்டியில் தன் பெண் ஃபெரெட்டைக் கொண்டுவந்தார். "சோர்வாக இருக்கிறாள்" என்றார். உதட்டை விலக்கிப் பார்த்தேன். ஈறு காகிதம்போல் வெளுத்திருந்தது. வயிற்று மயிரை விலக்கினால் கடுகு தூவியதுபோல் சிவப்புப் புள்ளிகள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்ததால் தோலுக்குள் கசிந்த ரத்தம். மெல்லிய குழாயில் ரத்தத்தை எடுத்துச் சுழற்றிப் பார்த்தோம். சிவப்பு அணுக்கள் 45 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டியது, 12 இருந்தது. ஃபெரெட்டுகளுக்கு நம்மைப்போல் ரத்த வகைப் பிரிவு இல்லாததால் வேறொரு ஃபெரெட்டிடமிருந்து எடுத்து ஏற்றினோம். இரண்டு நாள் தாங்கினாள். அந்தப் பெரியவர் அவளைக் குட்டிக்காகத்தான் வைத்திருந்தார். "நல்ல நிறத்தில் ஆண் கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன்" என்று அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

எனவே கருத்தடை செய்யாத பெண்ணை வாங்கினால், மார்ச் வருவதற்கு முன்பே முடிவு எடுத்திருக்க வேண்டும். குட்டி எடுப்பதாக இருந்தால் ஆண் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் மருத்துவரிடம் ஹார்மோன் ஊசி போடலாம், அல்லது தோலுக்கடியில் டெஸ்லோரெலின் என்ற மருந்துத் துண்டை வைக்கலாம். விந்துக்குழாய் மட்டும் துண்டிக்கப்பட்ட ஆணோடு சேர்த்துவிட்டாலும் பருவம் அடங்கும், ஆறு வாரம் பொய்ச்சினையாக இருந்துவிட்டு மறுபடி வரும். அறுவை செய்து சினைப்பைகளையும் கருப்பையையும் எடுப்பதும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் அட்ரீனல் சுரப்பி பெருத்து வாலிலிருந்து மயிர் கொட்டும் நோய் வருவதால், அந்த ஊர் மருத்துவர்கள் பலர் இப்போது மருந்துத் துண்டையே விரும்புகிறார்கள்.

குட்டி எடுப்பதற்குள்ள முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆண் பிடரியைக் கவ்வி இழுத்துப் புரட்டும், பெண் கத்தும், இரண்டு மூன்று மணி நேரம்கூட நீடிக்கும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு நெஞ்சு பதறும். சினைக்காலம் 41, 42 நாள். கடைசி வாரத்தில் ஒரு நாள்கூட வயிறு காயக்கூடாது. நிறையக் குட்டிகளைச் சுமக்கும் பெண் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கரைந்து நஞ்சாகி உயிருக்கே ஆபத்து. குட்டி ஒன்றிரண்டு மட்டும் இருந்தாலும் தொல்லைதான், வலி எடுக்க வேண்டிய தூண்டுதல் கிடைக்காமல் நாள் கடந்துவிடும். 43ஆம் நாள் வரை ஈனவில்லை என்றால் அறுவைக்கு ஓட வேண்டும்.

பொதுவாக எட்டுக் குட்டி. ஒவ்வொன்றும் பத்து கிராம் இருந்தால் அதிகம். நம் பத்துக்காசு நாணயம் நாலைந்தைக் கையில் வைத்தாற்போல்தான் இருக்கும். கண் திறக்க ஏறக்குறைய ஐந்து வாரம். மூன்று வாரத்திலேயே, கண் மூடியபடியே, குழைத்த இறைச்சியை மோந்து நக்கத் தொடங்கிவிடும். முதல் சில நாள் கூட்டைத் திறந்து நிறம் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். தாய் கலவரப்பட்டால் குட்டியைத் தின்றுவிடும், இதில் மிகையில்லை. தாய் இறந்துவிட்டால் முதல் பத்து நாளில் புட்டிப்பால் கொடுத்துக் காப்பாற்றுவது மிகக் கடினம். அனுபவசாலிகள் இரண்டு பெண்களை ஒரே நேரத்தில் சினைப்படுத்துவது, ஒன்றின் குட்டியை மற்றது வளர்க்கட்டும் என்பதற்காகத்தான்.

தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய் ஃபெரெட்டுக்கு வந்தால் பிழைப்பது அரிது. உங்களுக்குச் சளிக்காய்ச்சல் இருந்தால் குட்டிகளைத் தொடாதீர்கள். மனிதரின் ஃபுளூ அப்படியே அவற்றுக்கு ஒட்டும். 1933இல் லண்டனில் மனித ஃபுளூ கிருமியை முதன்முதலில் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டுகளுக்கு அது தொற்றுவதை வைத்துத்தான்.

நீங்கள் செப்டம்பரில் போய்ச் சேரும்போது அந்த ஆண்டின் பருவம் முடிந்திருக்கும். வசந்தத்தில் பிறந்த குட்டிகளை வைத்துக்கொள்ள முடியாமல் மீட்பு நிலையங்களில் கொண்டுவந்து விடும் நேரம் அது. அங்கே போய், கருத்தடை செய்யப்பட்ட இரண்டைச் சேர்த்து எடுங்கள். நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் கையில் எடுத்து, கடிக்கிறதா, பல் ஈறு சிவப்பாக இருக்கிறதா, முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தை ஆட்டினால் திரும்புகிறதா என்று பாருங்கள். தூங்கும்போது சோதிக்க வேண்டாம். ஃபெரெட்டுகள் செத்ததுபோல் தூங்கும், காது நன்றாகக் கேட்பவையும் அசையாது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவற்றின் மயிர் அடர்வதையும், வசந்தத்தில் கொத்துக் கொத்தாக உதிர்வதையும் பாருங்கள். உணவு முழுக்க இறைச்சி. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும் என்பதால் நாளெல்லாம் தட்டில் ஏதாவது இருக்க வேண்டும். அந்த வேலையும் வாடையும் கணவருக்கும் ஒத்துவருகிறதா என்றும் தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகும் குட்டி எடுக்கும் ஆசை இருந்தால், எட்டுக் குட்டியில் ஆறையாவது வாங்கிக்கொள்ள ஆள் பேசி வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். முகத்தில் வெள்ளைக் கோடு இல்லாத, மூன்று தலைமுறைக்கு யார் எவர் என்று சொல்லத் தெரிந்த வீட்டிலிருந்து ஒரு போல்கேட் நிறப் பெண்ணையும், அதற்கு உறவில்லாத சேண்டி ஆண் ஒன்றையும் எப்படித் தேடுவது என்று சொல்கிறேன். ஜனவரிக்குள் எழுதுங்கள். மார்ச் வந்துவிட்டால் தாமதம்.